அறுபது நத்தைகளும் ஒரு பூஜ்ஜியமும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல, என் அண்ணியுடையது. அவர் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு உயிரியல் செய்முறை வகுப்பு எடுப்பவர். அவர் சொல்லச் சொல்லக் கேட்டதை எழுதுகிறேன். நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்து எழுதுவதே கட்டுக்கதைதான் என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பொறுங்கள், இதில் எனக்கும் ஒரு குற்றப் பங்கு உண்டு.

முதல் ஆரம்பம் இது: "குளம் அன்று ஒரு ரகசியத்தைப் போல அமைதியாக—"

(அடித்துவிட்டேன். அது குளமே இல்லை. கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தொட்டி. பாசி நாறும்.)

2

தொட்டியில் எத்தனை நத்தைகள் இருக்கின்றன என்று எல்லாவற்றையும் எண்ணாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கொஞ்சத்தைப் பிடித்து, ஓட்டின்மேல் புள்ளி வைத்து, திரும்ப விட வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி பிடித்து, அதில் புள்ளி வைத்தவை எத்தனை என்று பார்த்தால், ஒரு பெருக்கல், ஒரு வகுத்தலில் மொத்தமும் வந்துவிடும். அண்ணியின் மாணவர்கள் அறுபது நத்தைகளுக்கு இளஞ்சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்து அனுப்பினார்கள்.

மறு வாரம் ஐம்பத்தெட்டு கிடைத்தன. பொட்டு வைத்தது ஒன்றுகூட இல்லை. இனி பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டும்.

"அப்போ தொட்டியில கணக்கே இல்லாத அளவுக்கு நத்தை இருக்கா மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. பதினோரு மணிக்குத் துறைத்தலைவர் வகுப்பைப் பார்க்க வருகிறார். ஆறு வருடமாகத் தற்காலிகமாக ஓடிக்கொண்டிருக்கும் அண்ணியின் வேலை நிரந்தரமாவது அவர் தரும் அறிக்கையைப் பொறுத்தது.

(பக்கக் குறிப்பு: துறைத்தலைவரை முதலில் வில்லனாக்கியிருந்தேன். அண்ணி படித்துவிட்டு, "பாவம்டி, அவருக்கு மூட்டுவலி. அதான் முகம் அப்படி இருக்கு" என்றார். வில்லனை எடுத்துவிட்டேன். மூட்டுவலி மட்டும் மிச்சம்.)

3

மாணவர்கள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள்.

"பளிச்சுனு தெரிஞ்சதால பறவை கொத்திட்டுப் போயிருக்கும். இயற்கைத் தேர்வு மேடம்!" என்றான் முன்வரிசைக்காரன்.

"பொட்டு வச்சதை மட்டும் பொறுக்கி எடுத்துச்சா? ஒண்ணுகூட விடாமயா?" என்றாள் கண்ணாடிக்காரி.

அண்ணிக்குள் வேறொன்று ஓடியது. இந்த நத்தைகள் மூச்சு வாங்க மேலே வந்து போகிறவை. பூச்சு வழிந்து மூச்சுத் துளையை அடைத்திருந்தால்? அறுபது உயிர்.

"மேடம், நாலு கிடைச்சுதுன்னு போட்டுக்கலாமா? விடை எண்ணூத்து எழுபது வருது. அழகா இருக்கு," என்றான் முன்வரிசைக்காரன்.

(இந்த இடத்தில் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அந்த நான்கை எழுத விட்டால் குற்ற உணர்ச்சி, உள்ளப் போராட்டம், பத்துப் பக்கம் நீட்டலாம். ஆனால் அண்ணி)

அண்ணி பலகையில் பூஜ்ஜியம் என்று எழுதினார். துறைத்தலைவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றதும், "சார், நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு நினைக்கிறேன். அறுபதும் செத்துப்போயிருக்கலாம்," என்றார்.

4

"செத்திருந்தா ஓடு கிடக்கணுமே மேடம்," என்றாள் கண்ணாடிக்காரி.

எல்லோரும் தொட்டியின் அடியை வலையால் அரித்தார்கள். வெறும் ஓடு ஒன்றுமில்லை. வந்தது இளஞ்சிவப்புச் செதில்கள். ஒவ்வொன்றும் வட்டமாக, முழுசாக உரிந்திருந்தது.

வீட்டிலிருந்து எடுத்துவந்த பூச்சைப் பற்றிக் கேட்க அண்ணி உடனே போன் செய்தார். எடுத்தவள் நான். விடுமுறையில் வீட்டிலிருந்த அவர் மகள் என்னிடமிருந்து பிடுங்கினாள்.

"அம்மா, என் பாலிஷையா எடுத்தே? அது உரிக்கிற பாலிஷ்மா! தண்ணியில ஊறினா தானா கழண்டுக்கும். அத்தைதான் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தாங்க."

என் குற்றம் அதுதான். தன்னுடையது காய்ந்து கட்டியாகிவிட்டதால், அவசரத்தில் மகளுடையதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் அண்ணி.

அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உயிரோட இருக்குடா! அத்தனையும் உயிரோட இருக்கு!" என்றார். தட்டில் ஐம்பத்தெட்டும் ஆளுக்கொரு பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தன.

5

முடிவுக்கு வருவோம்.

(அ) துறைத்தலைவரும் வாய்விட்டுச் சிரித்து, அங்கேயே பேனாவை எடுத்து— அண்ணி இதை அடித்துவிட்டார். "அவரு சிரிக்கவே இல்லைடி. ஏதோ குறிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

(ஆ) வேலை போய்விடுகிறது. அண்ணி— இதை நானே அடித்தேன். கை ஓடவில்லை.

"வேலை நிரந்தரமாகலைன்னா என்ன அண்ணி பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"கஷ்டம்தான். இல்லைன்னு சொல்லலை. ஆனா அன்னைக்கு நெஞ்சை அடைச்சது அது இல்லை. அறுபது உயிரைக் கொன்னுட்டோமேன்னுதான். அந்தப் பாரம் இறங்கிடுச்சு. இனி எது வந்தாலும் பார்த்துக்கலாம்."

கல்லூரிக் கடிதம் இன்று காலை வந்திருக்கிறது. அண்ணி வகுப்பில் இருக்கிறார். நாலு மணிக்கு வருவார். உறை சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. அண்ணன் அதை இரண்டு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். ஒரே வரியில் என்னால் அதைப் பிரித்துவிட முடியும். மாட்டேன்.

நீங்கள் பிரியுங்கள். நல்ல செய்தி என்றால் அவர் கேட்டைத் திறக்கும்போதே கத்திச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், முதலில் அவர் செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து, உட்காரட்டும்.