மானிட்டருக்கு ஒரு பொட்டு

என் வீட்டுக்காரர் தளவாய் பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தவர். குறி பார்த்துச் சுடுவதில் ரெஜிமென்ட்டிலேயே அவரை அடிக்க ஆள் கிடையாது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பீரோவில் அதற்கு ஒரு மெடலும் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், முதலில் செத்துப்போகிறவர் அவர்தான்.

நாலு பேர் ஒரு அணியாகச் சேர்ந்து ஆடுகிற துப்பாக்கிச் சண்டை அது. நாலு பேரும் ஒன்றாக ராணுவத்தில் இருந்துவிட்டு, ஆளுக்கு ஒரு ஊராகப் பிரிந்து போனவர்கள். தலைவர் பாளையங்கோட்டை ஜெபசிங் சாப், சுபேதாராக ஓய்வு பெற்றவர், அதனால் இவர்களுக்கு இன்னும் ‘சாப்’தான். அவர் குரல் ஹெட்போனில் கேட்டாலே இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். பகலெல்லாம் தென்காசியில் ஒரு பேங்க் வாசலில் நின்று, பாஸ்புக் பதிகிற மெஷின் எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்குக் கை காட்டுவதுதான் இவருக்கு இப்போது வேலை. அங்கே எல்லோருக்கும் இவர் ‘செக்யூரிட்டி’. தளவாய் என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருப்பது சாயங்காலம் ஆடுகிற அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும்தான். அதனால்தான் நானும் அந்த விளையாட்டைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

அந்த இரண்டு மணி நேரத்துக்கும் ஆபத்து வந்தது. போன ஆவணியில் ஒருநாள் ஜெபசிங் சாப் கத்தியது ஹெட்போனைத் தாண்டி அடுப்படி வரைக்கும் கேட்டது.

“தளவாய், இப்டியே போயி போயி செத்துட்டுக் கிடந்தேன்னா, ஒன் எடத்துல மகாதேவன் மவள போட்டுருவேம்லே!”

மகாதேவன் ஓசூர்க்காரர், அணியில் இன்னொருவர். அவர் மகள் ஸ்மிருதி காலேஜில் படிக்கிறாள். சிப்ஸ் தின்றுகொண்டே ஒரு கையால் ஏழெட்டுப் பேரைச் சாய்த்துவிடுவாளாம். அன்றைக்கு இவர் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

“கை நல்லாத்தான் இருக்கு மஞ்சு. மானிட்டர்தான் லேட்டு. எதிரி வந்து, சுட்டு, போன பெறவுதான் எனக்கு அவன் தெரியுதான்” என்றார்.

எங்கள் மானிட்டர் பேங்கில் கழித்துப் போட்ட சாமான். நொடிக்கு அறுபது படம் காட்டுமாம். இப்போது வருகிறதெல்லாம் நூற்றெண்பது காட்டுமாம். அறுபதையே ஒழுங்காகப் பார்க்காத மனிதர் நூற்றெண்பதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். பாவூர்சத்திரம் காய்கறி மண்டியில் பில் போடுகிறவள் நான். சீட்டு எடுத்த பணத்தில் இவ்வளவுதான் என்று ஒரு தொகையைச் சொன்னேன். அன்றிலிருந்து ஆரம்பித்தது மானிட்டர் பார்க்கும் படலம்.

என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவர் இவ்வளவு விசாரிக்கவில்லை. ஒருவனுக்கு நிறம் சரியில்லை, ஒருவனுக்கு இருட்டில் இழுக்கிறது, ஒருவன் பார்க்க நன்றாக இருக்கிறான், ஆனால் ஸ்டாண்டு ஆடுகிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் வளைந்த மானிட்டரா நேர் மானிட்டரா என்றுதான் பேச்சு. இவருடைய அக்கா சென்னையிலிருந்து போன் போட்டு, அந்தக் காசுக்கு நாற்பத்து மூன்று இஞ்ச் டிவியே வருமே, ஏன் சின்னதை வாங்குகிறாய் என்று கேட்டார். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு அரை மணி நேரம் விளக்கம் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு அக்கா, “சரிலே, ஆனா டிவின்னா பெருசுல்லா” என்றார்.

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நூர்நிஷா கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். இவர் பாட்டுக்கு 4K வேண்டும் என்று ஆரம்பித்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அண்ணாச்சி, ஒங்ககிட்ட இருக்க கிராபிக்ஸ் கார்டுக்கு 4K தாங்காது. படம் அழகா இருக்கும், நவுராது. இருவத்தி நாலு இஞ்ச், நூத்தியெம்பது ஹெர்ட்ஸ், சாதா ரெசல்யூஷன். இதான் ஒங்க பட்ஜெட்டுக்கு. இருவத்தேழு கேட்டீயன்னா மஞ்சுட்ட இன்னுங் கொஞ்சம் கேக்கணும்.”

என்னிடம் கேட்கிற தைரியம் இல்லாததால் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். யோசித்துக்கொண்டே ஆயுத பூஜை வந்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் பொட்டு வாங்காத சாமான் கிடையாது. ஸ்கூட்டர், மிக்சி, கிரைண்டர், அரிவாள்மனை என்று சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். மானிட்டருக்கும் வைத்தேன். நெற்றிக்கு எங்கே வைப்போம், நடுவில்தானே. அங்கேயே வைத்தேன். பொரி கடலை வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் நிற்க, இவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

“அறிவிருக்காட்டி ஒனக்கு? ஸ்கிரீன்ல கொண்டுபோயி அப்பி வச்சிருக்க! பின்னால ஒரு ஓரமா வச்சா சாமி வேண்டாம்னா சொல்லுது?”

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வந்தவர்கள் பொரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துடைக்கப் போனவரை, “பூச பொட்ட அழிச்சா வெளங்காது, சொல்லிட்டேன்” என்று மட்டும் சொன்னேன். எதிரிக்குப் பயப்படுவாரோ இல்லையோ, இதற்குப் பயப்படுவார். விட்டுவிட்டார். இரண்டு நாளில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. துவரம்பருப்பு அளவுக்குச் சிவப்பாக ஒரு புள்ளி மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. நானும் மறந்துவிட்டேன், அவரும் மறந்துவிட்டார்.

அந்த வாரத்திலிருந்து அவர் சுட்டதெல்லாம் விழ ஆரம்பித்தது. கடைசிவரை உயிரோடு இருந்தார். மெடலைப் பீரோவிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தார். நான் சரஸ்வதி கடாட்சம் என்றேன். அவர் பழைய கை திரும்பிவிட்டது என்றார். ஜெபசிங் சாப் மட்டும் வேறு மாதிரி யோசித்தார்.

“என்னலே, புது மானிட்டர் வாங்கிட்டியோ?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே. இரண்டு மாசமாக மானிட்டர் மேல் பழி போட்டு வந்தவர் எப்படிச் சொல்வார்?

“ஆமா சாப். இருவத்தேழு இஞ்ச், நூத்தியெம்பது ஹெர்ட்ஸ்.”

“எந்த மாடலு?”

இவர் படிப்படி என்று படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்த மாடல் பெயர் தண்ணீர் மாதிரி வந்தது. அடுத்த வாரம் ஜெபசிங் சாப் அதே மாடலை வாங்கிவிட்டார். போட்டோ வேறு அனுப்பினார். இவருக்கு முகம் வெளிறிவிட்டது. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வீடியோ காலில் பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று, என் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, தீபாவளிக்கு முன்னால் இவரும் அதையே வாங்கினார். என் சேலைக்கு வைத்திருந்த பணமும் அதில்தான் போயிற்று. நூர்நிஷா பெட்டியைக் கொடுக்கும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

புது மானிட்டர் பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு போனதும், “கிட்ட வராத, கோட்டிங் போயிரும்!” என்று கையை நீட்டி மறித்தார். சரிதான் என்று அட்டைப்பெட்டிக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

படம் அருமையாகத்தான் இருந்தது. புல்லின் நுனிகூடத் தெரிந்தது. எதிரி வருவது, சுடுவது, இவர் விழுவது, எல்லாம் முன்பைவிட மூன்று மடங்கு தெளிவாகத் தெரிந்தது. மறுபடியும் முதலில் செத்தார். பாளையங்கோட்டையில் ஜெபசிங் சாப்பும் அதே மாடலை வைத்துக்கொண்டு பாடாய்ப் பட்டுக்கொண்டிருந்தார்.

“ஒனக்கு விழுந்துச்சு, எனக்கு விழ மாட்டேங்கு. இப்ப ஒனக்கும் விழ மாட்டேங்கு. என்னலே சங்கதி?” என்று கேட்டார். பிறகு, “ஞாயித்துக்கெழம நேவிக்காரனுவளோட மேட்ச்சு. அதுவரைக்கும் பாப்பேன். இல்லன்னா மகாதேவன் மவதான்” என்றும் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் பார்த்து நல்ல மழை. அருவியில் தண்ணீர் என்று டிவியில் சொன்னால் போதும், சென்னையிலிருந்து அக்கா குடும்பத்தோடு புறப்பட்டுவிடுவார். மேலகரத்தில் எங்கள் வீடு இருப்பதே குற்றாலத்துக்கு வருகிறவர்கள் துண்டு காயப்போடத்தான் என்பது அவருடைய எண்ணம். இந்தத் தடவை தண்ணீர் அளவுக்கு மிஞ்சி வந்து, எல்லா அருவியிலும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். குளிக்க வந்தவர்கள் எண்ணெய் தேய்த்த தலையோடு வீட்டுக்குள் உட்கார்ந்தார்கள். பொழுது போகவில்லை. புது மானிட்டரைத் தூக்கி ஹாலில் வைத்து வரிசையாகச் சினிமா போட்டார்கள்.

“டிவியா வாங்கிருந்தா இன்னும் பெருசா இருந்திருக்கும்” என்றார் அக்கா.

வேறு வழியில்லாமல் இவர் பரணிலிருந்து பழைய மானிட்டரை இறக்கி மாட்டினார். அன்றைக்கு ஒரு குண்டு வீணாகவில்லை. விளையாட்டு முடிந்து ஹெட்போனைக் கழற்றாமல் அந்த மங்கல் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, திரை நடுவில் விரலை நீட்டினார்.

“இது நீ வச்சதுதான?”

அவருக்குப் பிடித்த நீளத் துப்பாக்கியில் ஒரு சங்கடம் இருக்கிறதாம். தொலைநோக்கி வழியாகப் பார்த்தால்தான் குறி தெரியும். எதிரி பக்கத்தில் வந்துவிட்டால் அதற்கெல்லாம் நேரம் இருக்காது, குத்துமதிப்பாகத்தான் சுட வேண்டும். குண்டு போவது எப்போதும் திரையின் நட்டநடுவுக்கு. அந்த நட்டநடுவில்தான் என் குங்குமம் இருந்தது. பொட்டுக்கு நேராக எதிரி வந்தால் சுட வேண்டியது, அவ்வளவுதான். இது தெரியாமல் நாங்கள் சரஸ்வதியை ஒரு பக்கமும் பழைய கையை ஒரு பக்கமும் புகழ்ந்துகொண்டிருந்திருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

“என் பேச்சக் கேட்டு சாப் அவ்ளோ காசு போட்டு வாங்கிட்டாவ. இப்ப நான் திருட்டுத்தனமா பொட்ட வச்சிட்டு ஆடவா? கூட இருந்தவங்கள ஏமாத்திட்டு எப்டிட்டி ஆடுதது?” என்றார்.

அப்போதே மைக்கைப் போட்டு ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். மானிட்டர் வாங்காமலே வாங்கியதாகச் சொன்னது, குங்குமம், எல்லாம். சொல்லி முடித்ததும் லைன் போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் ஹெட்போனைப் போட்டு உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் கூப்பிடவில்லை. அக்கா பிள்ளைகள் ஹாலில் ஓடுகிற சண்டைப்படத்தைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருக்க, இவர் அறைக்குள் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு மனசே கேட்கவில்லை. இந்த மனிதரை இனிமேல் பேர் சொல்லிக் கூப்பிட யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு போன் வந்தது. ஜெபசிங் சாப்பின் மனைவி ஜெபமலர் அக்கா.

“மஞ்சு, அந்தப் பொட்டு என்ன சைசும்மா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மூச்சு வாங்கச் சொன்னார்.

“எங்க வீட்ல பரம்பரையா யாரும் பொட்டு வச்சதில்ல, குங்குமத்துக்கு எங்க போவேன்? ரெண்டு நாளா இவுக பேனா மையத் தொட்டு வைக்காவ, அது வழியுது. ‘ரூல் புக்க ரெண்டு தரம் படிச்சாச்சு, பொட்டு வைக்கக் கூடாதுன்னு ஒரு எடத்துலயும் இல்ல, போயி ஸ்டிக்கர் பொட்டு வாங்கிட்டு வா’ன்னு என்னைய வெரட்டிட்டாவ. பேன்சி ஸ்டோர்ல போயி கேட்டேன். அந்தப் புள்ள என் களுத்துல கெடக்க சிலுவையப் பாத்துட்டு, ‘யாருக்குக்கா?’ங்கா. கம்ப்யூட்டருக்குன்னேன். ஒரு மாதிரி பாக்கா. நீ சைசச் சொல்லு, நான் சீக்கிரம் இந்தக் கடைய விட்டு வெளிய போவணும்.”

“ஆக சின்னது வாங்குங்கக்கா. செவப்பு” என்றேன். “சாப் கோவமா இருக்காவளா?”

“கோவந்தான். ‘இத அவன் ஒரு மாசம் முந்தியே சொல்லித் தொலைச்சிருந்தா எனக்கு மானிட்டர் காசு மிச்சம்லா’ன்னு கத்துதாவ. தளவாய ஏழு மணிக்கு வரச் சொன்னாவ. லேட்டா வந்தா அந்தப் புள்ளைய போட்டுருவாவளாம்.”

இவருக்குச் சொன்னதும் மனிதர் எழுந்து நின்றேவிட்டார். பொட்டு வைக்கலாம் என்று சாப்பே சொன்ன பிறகு பழையது எதற்கு என்று, அக்கா பிள்ளைகளிடமிருந்து புது மானிட்டரைப் பிடுங்கி அறையில் மாட்டினார். ஏழு மணிக்கு நாலு பேரும் வந்துவிட்டார்கள். அப்போதுதான் இவர் மெல்லத் திரும்பி, ஹெட்போன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மஞ்சு, ஒண்ணு வச்சி விடேன். நீ வச்சாத்தான் சரியா நடுவுல விழும்.”

“கோட்டிங் போயிருமே.”

“போவாது. வையி.”

“அறிவில்லாதவ வச்சா பரவாயில்லையா? அன்னைக்கி நாலு பேர் நிக்கும்போதுதான கேட்டீய. இன்னைக்கும் நாலு பேர் கேக்கச் சொல்லுங்க. மைக்க விடுங்க.”

கையை எடுத்தார். பாளையங்கோட்டையிலிருந்து குரல் வந்தது.

“என்னலே அங்கன சத்தம்? பொட்டு வச்சாச்சா?”

இவர் தொண்டையைச் செருமினார். “இல்ல சாப். அன்னைக்கி பொட்டு வச்சதுக்கு எல்லார் முன்னாலயும் அறிவிருக்கான்னு ஏசிட்டேன். எனக்குத்தான் அறிவில்ல. மஞ்சு, தயவுசெஞ்சி வச்சி விடும்மா.”

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. நான் என் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நூற்றெண்பது ஹெர்ட்ஸின் நட்டநடுவில் ஒட்டினேன். ஸ்கேல் வைத்தெல்லாம் அளக்கவில்லை. காலையில் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே கண்ணாடி பார்க்காமல் பொட்டு வைத்துப் பழகிய கை.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் கடைசிவரை சாகவில்லை. முதலில் செத்தது ஜெபசிங் சாப்தான். ஜெபமலர் அக்கா பொட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றி ஒட்டிவிட்டாராம். பாவம், பழக்கமில்லை.