தங்கினவன் பெயர்

எனக்குப் பிள்ளை தங்கவில்லை. முதலில் இதழினி, பிறகு ஆதிரை. இரண்டு பேரும் ஒரு மாதம் தாண்டவில்லை. மூன்றாவதாகப் பையன் பிறந்து வீட்டுக்கு வந்ததும், மண்ணூர்பேட்டையில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே துணி தேய்க்கும் முனியம்மா மாடியேறி வந்தாள்.

"புள்ளய குப்பைல போடும்மா. நான் எட்த்துக்குறேன். அப்பால தவிடு குட்த்து நீ என்னாண்ட வாங்கிக்க. குப்பன்னு பேர் வெச்சா எமன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய பெரிய டாக்டர்களாலேயே முடியவில்லை, இவள் தவிட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறாளாம். "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிரில் ஸ்டோயனோவ் பிள்ளையைப் பார்க்க வந்தார். என் கணவர் ஜெகதீஷின் கம்பெனியில் புது மெஷின் பொருத்த பல்கேரியாவிலிருந்து வந்திருப்பவர். கையில் குட்டிக் கம்பளித் தொப்பி. அம்பத்தூர் வெயிலுக்குக் கம்பளித் தொப்பி! நல்ல மனுஷன். பேச எதுவும் கிடைக்காமல், ஸ்டோயனோவ் என்றால் என்ன அர்த்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டுவைத்தேன்.

"ஸ்டோயனின் மகன்" என்றார். உங்கள் இனிஷியல் மாதிரிதான், ஆனால் எங்கள் வீட்டில் ஒரே பெயர் தலைமுறை தலைமுறையாக நின்றுவிட்டது என்று சிரித்தார். அந்த ஸ்டோயன் அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா. அவருக்கு முன்னால் பிறந்ததெல்லாம் செத்துப்போக, இவனாவது தங்கட்டும் என்று, 'நிற்பவன்' என்ற அர்த்தத்தில் வைத்த பெயராம்.

ஜெகதீஷ் தலையைக் குனிந்துகொண்டார்.

"முன்னால் போன குழந்தைகளின் பெயர்?" என்று கேட்டேன்.

கிரில் யோசித்தார். "தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது."

அவர் போன பிறகு அடக்கமாட்டாமல் அழுதேன். அந்தக் குழந்தைகளையும் ஒருத்தி பெயர் சொல்லிக் கொஞ்சியிருப்பாள்தானே. இதழினியையும் ஆதிரையையும் எனக்கும் ஜெகதீஷுக்கும் பிறகு யார் நினைப்பார்கள்? மடியில் கிடந்தவனைப் பார்க்கப் பார்க்கப் பயம்தான் வந்தது.

மறுநாள் காலையில் நானே பிள்ளையோடும் ஒரு பிடி தவிட்டோடும் கீழே இறங்கினேன். முனியம்மா என் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தெருக்குப்பை ஓரமாக முறத்தை வைத்து, பழைய சேலையை விரித்து, அவனைப் படுக்கவைத்தாள்.

"எம்புள்ள இல்லன்னு சொல்லு."

நான் குனிந்து அவன் காலடியில் சேலையை இழுத்துவிட்டேன்.

"சொல்லும்மா. எமன் கேட்டுகினு கீறான்."

சொன்னேன். அவள் அவனை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள். நான் தவிட்டைக் கொடுத்து வாங்கினேன். அவன் வலது காதில் மூன்று முறை "குப்பா" என்றாள்.

"போனதுங்க பேர மட்டும் இவங்காதுல போட்டுறாத. கூட இட்டுகினு பூடுங்க."

தலையாட்டிவிட்டு மேலே வந்தேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். முனியம்மா சொன்னது பொய் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் அவனுடைய இடது காதில் வாயை வைத்தேன்.

"இதழினி. ஆதிரை. உன் அக்காங்கடா, குப்பா. நீ இருந்து சொல்லணும்."