வடக்குச் சுவரின் ஆணி

ஓய்வுபெற்ற வானிலைத் துணை இயக்குநரின் வீட்டுக் கொல்லையில் மட்டும் முதல் மழை பெய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு. மேகம் இரட்டைக் கட்டில் மெத்தை அளவு இருந்தது. நிறமும் ஏறக்குறைய பழைய மெத்தையின் நிறந்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் கையை நீட்டிப் பார்த்தார். முழங்கை வரை நனைந்தது, தோள் காய்ந்தே இருந்தது. வீட்டுப் பத்திரத்தைப் படித்துவிட்டு வந்ததுபோல மழை நான்கு எல்லைக்குள்ளேயே பெய்து இருபது நிமிடத்தில் நின்றது. அன்று தக்காளி விலை ஏறியிருந்தபடியால் தெருவில் பேச்சு அதைப் பற்றியே இருந்தது. கொடியில் நாற்பது சிட்டம் மஞ்சள் நூலைச் சுருள் சுருளாகக் காயப்போட்டிருந்த துணை இயக்குநரின் மனைவி, நனைந்த நூலைப் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. வடக்குச் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தாள்.

அந்தக் கொல்லையில் அவள் இருபத்திரண்டு வருஷமாக நூலுக்குச் சாயம் போடுகிறாள். வடக்குச் சுவரை ஒட்டிய கொட்டகையில் இரண்டு செப்பு அண்டாக்கள். அவற்றுக்கு நேர் மேலே ஆவி வெளியே போக ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளி வெளிச்சுவரில் அந்த ஆணி, சாயம் துழாவும் கட்டையை மாட்ட அவளே அடித்தது. நிறம் கலப்பது அவள் வேலை. நூலைப் பிழிவது அவளுடைய நாத்தனார் வேலை. அவள் முறுக்கிப் பிழிந்தால் நூலில் ஈரம் இருந்ததா என்று நூலுக்கே சந்தேகம் வரும். மனைவியைச் சுற்றுவட்டாரத்தில் சாயக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். துணை இயக்குநர் மட்டும் விருந்தாளிகளிடம் "வீட்டில் பொழுதுபோக்காக ஏதோ செய்கிறாள்" என்பார். அவருடைய சம்பளம் நின்ற நாளிலிருந்து வீட்டு அடுப்பு எரிவது பெரும்பாலும் அந்தப் பொழுதுபோக்கில்தான்.

அவர் முப்பத்துநாலு வருஷம் வானிலை அலுவலகத்தில் இருந்தவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு: பதிவேட்டில் மையால் எழுதியதை அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. மழை என்று எழுதிய நாளில் மழை வராவிட்டால், குறிப்புக் கட்டத்தில் "வானம் பின்னர் ஒத்துழைத்தது" என்று எழுதித் தேதிக்கு இடம் விட்டு வைப்பார்கள். அடுத்த வாரமோ அடுத்த மாதமோ எப்போது மழை வருகிறதோ அப்போது தேதியை நிரப்புவார்கள். பதிவேட்டின்படி அந்த அலுவலகம் ஒருநாளும் தவறியதில்லை. அந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தவர் நம் துணை இயக்குநர்தான். துணை இயக்குநர் என்ற பதவி அவர் பெயருக்கு முன்னால் சேர்ந்தது அதனால்தான்.

ஓய்வுபெறும்போது எல்லோருக்கும் சுவர்க்கடிகாரம் கொடுத்துச் சலித்துப்போன சக ஊழியர்கள் இவருக்கு வீட்டு வானிலைக் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். சாப்பாட்டு மேசையில் வைக்க ஒரு திரை. வெளியே மாட்ட, சோப்புப் பெட்டி அளவில் வெள்ளை பிளாஸ்டிக் உணரி. இரண்டுக்கும் நடுவே கம்பி கிடையாது. உணரி வெளிக்காற்றைப் பார்த்து உள்ளே சொல்லும். திரை வெப்பம், ஈரப்பதம் எல்லாம் காட்டி, கூடவே சூரியன் அல்லது மேகம் என்று ஒரு படமும் போடும். பித்தளைக் கருவிகளோடு வாழ்ந்தவர் ஆகையால் ஒரு மாதம் அதை விளையாட்டுச் சாமான் என்று அட்டைப்பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார். பிறகு ஒருநாள் பேட்டரி போட்டார், எண்கள் வந்தன, அன்றோடு தீர்ந்தது. மறுநாள் காலை மேசையில் புதிய பதிவேடு இருந்தது, பக்கத்தில் மைப்புட்டி இருந்தது, அவர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்.

கருவிகளை எங்கே மாட்டுவது என்று பதினேழு விதிகள் கொண்ட சுற்றறிக்கையை நாடு முழுவதற்கும் எழுதியவர் அவரே. நான்காம் விதி: ஆவி வரும் இடத்தின் அருகே மாட்டலாகாது. ஆனால் வடக்குச் சுவரில் ஏற்கெனவே ஆணி இருந்தது. சுவரில் ஆணி அடிப்பது பதவி உயர்வுக்குப் பின் அவருக்கு விட்டுப்போன பழக்கம். துழாவும் கட்டையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உணரியை மாட்டினார். காலையில் அண்டா கொதித்ததும் ஆவி ஜன்னல் வழியே வந்து உணரியைத் தழுவியது. உணரி உள்ளே சொன்னது: ஈரப்பதம் தொண்ணூற்றெட்டு. திரையில் சொட்டுச் சொட்டாக மேகப் படம். துணை இயக்குநர் தொண்டையைச் செருமி, "கொல்லையில் மழை" என்று வாசித்து, மையால் எழுதினார். மூன்று நாள் வானம் பேசாமல் இருந்தது. நான்காம் நாள், முப்பத்துநாலு வருஷம் ஒத்துழைத்துப் பழகிய வானம் இந்த முறையும் ஒத்துழைத்தது. அதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

சாயக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"உங்க திரை காட்டுறது மழை இல்லீங்க, என் அண்டா ஆவி. பெட்டியைக் கழட்டித் தெற்கு மதில்ல மாட்டுங்க, சரியாப் போயிடும்."

கருவியை இடம் மாற்றினால் அதுவரை எடுத்த பதிவு முழுவதும் செல்லாது என்றார் அவர். அதுவரை எடுத்தது நான்கு நாள் பதிவு. வாசல் நிலையில் சாய்ந்து நின்ற தங்கை, "நாலாவது விதி என்னண்ணே? எழுதின காலத்துல எங்களுக்கெல்லாம் ஒப்பிச்சுக் காட்டுவீங்களே" என்று கேட்டாள். துணை இயக்குநர் குடையை எடுத்துக்கொண்டு மழையளவு பார்க்கக் கொல்லைக்குப் போனார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். எங்கண்ணன் பட்டப்பகலில் பிடிக்கிறார், அந்த மட்டும் பரவாயில்லை என்றாள் நாத்தனார்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. அண்டா கொதித்த நாளெல்லாம் ஒன்பது பத்துக்கு மழை வந்தது, பிறகு மாலை வரை விட்டுவிட்டுப் பெய்தது. அடுப்பு ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெயில் வந்தது. மாடியும் பத்திரத்து எல்லைக்குள் இருந்ததால் அங்கும் அதே மழைதான். வாசலில் காயப்போட்டால் லாரிப் புழுதி. ஆகவே வாரம் முழுக்கப் போட்ட சாயத்தில் ஒரு ஞாயிறு எவ்வளவு காய வைக்குமோ அவ்வளவுதான் தொழில் என்று ஆனது. கொல்லைக்குத் தவளைகள் வந்தன. மஞ்சள் நூல் நாளில் மஞ்சளாகவும் பச்சை நூல் நாளில் பச்சையாகவும் இருந்தன. நாத்தனார் மழைக்கோட்டு வாங்கிக்கொண்டாள். சாயக்காரம்மா மாதம் ஒருமுறை ஆணியைப் பற்றிப் பேசினாள். அவர் தாம் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றிருந்தார்.

வானிலை அலுவலகத்திலிருந்து ஐந்து பேர் கொண்ட குழு வந்தது. ஐவரும் அவரிடம் வேலை கற்றவர்கள். குடை பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று நனைந்தார்கள். மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, அந்தப் பக்கம் மழை இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். சுற்றுப்புறத்தில் மழை பதிவாகாதது சுற்றுப்புறத்தின் குறைபாடு என்று அறிக்கை எழுதினார்கள். ஒருவருடைய குடையே உணரியில் இடித்தது. அவர் அதனிடம் மன்னிப்புக் கேட்டாரே தவிர, அது எங்கே தொங்குகிறது என்று கேட்கவில்லை. அடுத்த மாதம் வாசலில் "சிறப்பு வானிலை மையம்" என்று பலகை ஏறியது. அதற்கு நாலு ஆணி வேண்டியிருந்தது. அடித்தவள் நாத்தனார்.

மூன்றாம் வருஷம் பேருந்துக் கம்பெனியின் பண்டகசாலை மேலாளர் வந்தார். ஓட்டுநர்களுக்கெல்லாம் புதுச் சீருடை; அறுநூறு சிட்டம் நீல நூல், பதினைந்து நாளில் வேண்டும், நிறம் ஒத்துவந்தால் வருஷா வருஷம் இவளுக்கே. சாயக்காரம்மா சரி என்றாள். பதினைந்து நாளில் ஞாயிறு இரண்டுதான் வரும் என்று தெரிந்தேதான் சொன்னாள். இந்த வேலை கைவிட்டுப் போனால் ஓர் அண்டாவின் அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை நாத்தனாரும் கணக்குப் போட்டுவிட்டாள்.

"ஒரு அண்டான்னா உங்க கையே போதும் அண்ணி. அப்புறம் நான் எதுக்கு? உங்க வீட்டுத் தவளையை எண்ணிக்கிட்டு இருக்கவா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று பிழிந்த நூலில் ஈரம் மிச்சம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

முதல் ஐந்து நாளில் இருநூறு சிட்டம் நீலமாயிற்று, ஒன்றுகூடக் காயவில்லை. ஆறாம் நாள் காலை, கணவர் குளிக்கப் போன நேரத்தில் சாயக்காரம்மா உணரியின் மூடியைத் திறந்து பேட்டரியை உருவினாள். திரையில் எண்கள் மறைந்து இரண்டு சின்னக் கோடுகள் வந்தன. துணை இயக்குநர் துண்டோடு வந்து பார்த்தார். பார்த்ததை அப்படியே எழுதுவது ஒழுங்கு என்பதால், வெப்பத்துக்கு இரண்டு கோடு, ஈரத்துக்கு இரண்டு கோடு, வானத்துக்கு இரண்டு கோடு என்று எழுதினார். கொல்லையில் எதுவும் இல்லாமல் போயிற்று. மழை இல்லை, வெயில் இல்லை, சூடும் இல்லை, குளிரும் இல்லை. கொடியிலிருந்து சொட்டிய நீலச் சொட்டு பாதி வழியில் நின்று, மேலே போவதா கீழே போவதா என்று யோசித்தது. நூல் காயவுமில்லை, நனையவுமில்லை. ஒரு தவளை குதித்த உயரத்திலேயே அந்தரத்தில் இருந்தது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு சாயக்காரம்மா பேட்டரியைத் திரும்பப் போட்டாள். எண்கள் திரும்பின, தவளை அசையவில்லை; அவர் அவற்றை எழுதிய பிறகுதான் இறங்கியது.

அந்த அரை மணியில் அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. வானம் பார்த்துக்கொண்டிருப்பது ஆணியை அல்ல, பெட்டியையும் அல்ல. பதிவேட்டைத்தான். இத்தனை நாள் தப்பான ஆளிடம் சண்டை போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு தம்ளரில் தேநீர் எடுத்துக்கொண்டு கணவருக்கு எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்து பேசுவது அவள் வழக்கம் இல்லை. அவர் பேனாவை மூடினார்.

"நீங்க பெட்டியைக் கழட்ட வேண்டாம். நீங்க மாட்டினது தப்புன்னு நான் சொல்லல, யாரும் சொல்லல. ஆணி தானா நகர்ந்து தெற்கு மதிலுக்குப் போயிருச்சுன்னு எழுதுங்க, போதும்."

"ஆணி எப்படித் தானா நகரும்?"

"மழை எப்படி நம்ம வீட்டுக்கு மட்டும் பெய்யுது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். தங்கை கொல்லையில் மழைக்கோட்டோடு நீல நூலைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழியப் பிழிய அதன்மேல் பெய்தது. அவள் மறுபடி பிழிந்தாள். ஜன்னல் வழியே அவர் அதை வெகுநேரம் பார்த்ததாகச் சாயக்காரம்மா பிற்பாடு சொன்னாள். மழையளவு பார்த்ததாக அவர் சொன்னார். இரண்டு நாள் அவர் வினைச்சொல்லைத் தேடினார். நகர்ந்தது என்றால் மலிவாக இருந்தது. நகர்த்தப்பட்டது என்றால் யாரால் என்று கேள்வி வரும். ஒன்பதாம் நாள் காலை, இஸ்திரிச் சட்டையில், குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: "வடக்குச் சுவர் ஆணி தெற்கு மதிலுக்கு இடம்பெயர்ந்தது. காரணம்: இயற்கை."

மை காய்வதற்குள் ஆணி கிளம்பிவிட்டது. பழைய ஓட்டையைப் பளிச்சென்று விட்டுவிட்டு, உணரியைத் தோளில் சுமந்தபடி கிழக்கு மதிலில் இடுப்பு உயரத்தில் ஊர்ந்து, மூலையில் சற்று இளைப்பாறி, தெற்கு மதிலில் நிழலான இடமாகப் பார்த்து இறங்கியது. தரையிலிருந்து ஐந்தடி உயரம், ஆவி இல்லை, எதிர்வெயில் இல்லை. பதினேழு விதியும் பொருந்தியது. திரையில் சூரியன் வந்தது. "கொல்லையில் வெயில்" என்று துணை இயக்குநர் வாசித்து, மையால் எழுதினார். அண்டா இரண்டும் கொதிக்கக் கொதிக்க வெயில் அடித்தது. பதினைந்தாம் நாள் மாலை அறுநூறு சிட்டமும் வண்டியேறின. ஓட்டுநர்கள் இன்றும் அந்த நீலத்தில்தான் போகிறார்கள். நாத்தனார் மழைக்கோட்டை மடித்து வைத்தாள், விற்கவில்லை.

விற்காதது நல்லதாகப் போயிற்று. சாயம் போட்ட நூலை அலசத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். இரண்டு வருஷ மழையில் அந்தச் செலவே மறந்துபோயிருந்தது. அடுத்த மாதம் குழாய் நீர்க் கட்டணச் சீட்டு வந்ததும் சாயக்காரம்மா அதை ஒருமுறை படித்தாள், தேநீர்த் தம்ளருக்கு அடியில் வைத்தாள். மறுநாள் காலை உணவின்போது, "இன்னைக்கு அலசணுங்க" என்றாள். துணை இயக்குநர் தொண்டையைச் செருமினார். ஆணி வடக்கே திரும்பியதாக எழுதினார். ஒன்பது பத்துக்கு மெத்தை அளவு மேகம் வந்து, நூலை இருபது நிமிடம் அலசிக் கொடுத்துவிட்டுப் போனது. மாலைப் பதிவில் ஆணி மறுபடி தெற்கே போனது.

அன்றிலிருந்து வாரம் இருமுறை அப்படித்தான். எந்த நாள், எவ்வளவு நேரம் என்பதை மனைவி முந்தின நாளே சொல்லிவிடுகிறாள். தூறல் போதுமா, கனமழையா என்று நாத்தனார் கொல்லையிலிருந்து குரல் கொடுக்கிறாள். துணை இயக்குநர் எல்லாவற்றையும் இஸ்திரிச் சட்டையில் உட்கார்ந்து கேட்டு, முன்னறிவிப்பாக வெளியிடுகிறார். இதுவரை ஒன்றுகூடத் தவறியதில்லை. போன வருஷம் குடிநீர் அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து, சாயப்பட்டறை நடக்கும் வீட்டில் ஏன் இவ்வளவு குறைவாகத் தண்ணீர் செலவாகிறது என்று விசாரித்தார். நாத்தனார் அவரை வாசல் பலகையிலிருந்து உள்ளே கூட்டிப்போய், பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த அண்ணனைக் காட்டி, "தண்ணி இவர்கிட்டேருந்துதான் வருதுங்க" என்றாள். வந்தவர் தன் படிவத்தில் குழாய்கள் என்ற கட்டத்தில் இரண்டு என்று இருந்ததை மூன்று என்று திருத்திக்கொண்டு போனார்.