எழுபத்தைந்து சதவீதம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஆலையின் மூன்றாம் எண் விசிறி இன்றுமுதல் எந்த வேகத்தில் வேண்டுமானாலும் சுற்றும். இதுவரை அது உலைக்குக் காற்று ஊதிக்கொண்டு, நிமிடத்துக்கு ஆயிரத்து நானூற்று எண்பது சுற்று என்ற ஒரே வேகத்தில் வாய் திறக்காமல் உழைத்தது. இப்போது அதற்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கியாகிவிட்டது. நிறுவனத்துக்கு எழுபத்தைந்து வயதும் ஆகிவிட்டது. இரண்டையும் ஒரே விழாவில் முடித்துக்கொள்ள மேலிடம் தீர்மானித்தது. தலைவர் வருவார், குமிழைத் திருகுவார், எழுபத்தைந்து சதவீதத்தில் நிறுத்துவார். கைதட்டல்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சின்னக் குறை இருந்ததை நாடி வைத்தியர் கண்டுபிடித்தார். அது ஆலையில் வைத்த பட்டப்பெயர், அவர் வைத்தியர் அல்ல. இயந்திரத் தண்டுகளைத் தாங்கும் பேரிங்மேல் கருவியை வைத்து அதிர்வு அளப்பவர். விசிறியை நின்ற நிலையிலிருந்து முழு வேகம்வரை ஏற்றி, பிறகு மின்சாரத்தைத் துண்டித்துத் தானாக அடங்கவிட்டு, ஒவ்வொரு வேகத்திலும் எவ்வளவு ஆடுகிறது என்று குறித்தார். முழு வேகத்தில் அதிர்வு நொடிக்கு இரண்டு மில்லிமீட்டர், பரம சாது. ஆயிரத்து நூற்றுப் பத்தில் மட்டும் பதினெட்டு. ஏழைத் தாண்டினாலே ஆபத்து.

இது கோளாறு அல்ல. சுற்றுகிற எந்தத் தண்டுக்கும் இப்படி ஒரு வேகம் உண்டு. அங்கே சுழற்சியும் தண்டின் இயல்பான ஆட்டமும் கைகோத்துக்கொள்ளும். இயந்திரம் தன்னைத்தானே உலுக்கிக்கொள்ளும். ஒத்ததிர்வு என்பார்கள். விறுவிறுவென்று கடந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. அங்கே நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆயிரத்து நானூற்று எண்பதில் எழுபத்தைந்து சதவீதம், ஆயிரத்து நூற்றுப் பத்து.

நாடி வைத்தியர் மேலாளரிடம் போனார்.

"எழுபதுல நிறுத்தச் சொல்லுங்க சார். இல்லேன்னா எண்பதுல."

"கம்பெனிக்கு வயசு எழுபதா, எண்பதா?"

"அது விசிறிக்குத் தெரியாது சார்."

"தலைவருக்குத் தெரியும்."

"அப்போ அந்த வேகத்துல நிக்காம தாண்டிப் போற மாதிரி கருவியிலேயே அமைச்சிடலாம். ஒரு நாள் வேலை."

மேலாளர் அழைப்பிதழைத் தூக்கிக் காட்டினார். "'எந்த வேகத்திலும்'னு அச்சடிச்சாச்சு. 'ஒண்ணைத் தவிர'ன்னு கீழ கையால எழுதவா?"

ஒத்திகையில் எழுபத்தைந்தைத் தொட்ட இருபதாவது நொடியில் பாதுகாப்புக் கருவி விசிறியைத் தானாக நிறுத்திவிட்டது. மேலாளர் இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டார். விழா நாளுக்கு மட்டும் அந்தக் கருவியின் இணைப்பைக் கழற்றச் சொன்னார். அதற்கு நாடி வைத்தியரின் கையெழுத்து வேண்டும்.

"ரெண்டே நிமிஷம்யா. போட்டோ எடுத்ததும் எண்பதுக்கு ஏத்திடறோம்."

இரண்டு நிமிடம் தாங்கும் என்று அவருடைய கணக்கும் சொன்னது. கையெழுத்துப் போட்டார். கீழே 'இரண்டு நிமிடம் மட்டும்' என்று எழுதி அடிக்கோடும் இட்டார். மனசாட்சி உறுத்தும்போது அடிக்கோடு போடுவது படித்தவர்களின் பழக்கம்.

விழா அன்று விசிறியின் பக்கத்தில் நின்று, பேரிங் சூட்டை வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டிய ஆபரேட்டர், நாடி வைத்தியரின் தங்கை கணவன்.

"ஆட்டம் ஜாஸ்தியானா யாரையும் கேக்காத மாப்ளே. வெளிய வந்துடு."

"வந்தா வேலை போயிடும். அப்புறம் தினமும் உங்க வீட்டுலதான் சாப்பாடு மச்சான். யோசிச்சா, உங்க தங்கச்சி சமையலுக்கு அதுவும் தேவலைதான்."

கட்டுப்பாட்டு அறையில் தலைவர் குமிழைத் திருகினார். எழுபத்தைந்து. கைதட்டல். படம் எடுத்தார்கள். இரண்டு நிமிடம் ஆயிற்று. தலைவர் குமிழிலிருந்து கையை எடுக்காமல் பேசத் தொடங்கினார்.

தம் தந்தையார் ஒற்றை லேத்தோடு தொடங்கியதைச் சொன்னார். அதிர்வு காட்டும் திரையில் பதினெட்டு. எழுபத்தைந்து ஆண்டுகளில் நாம் ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை என்றார். இருபத்துமூன்று. மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளைகள் மெல்ல நடக்க ஆரம்பித்தன. மேலாளர் இரண்டு கையாலும் அவற்றைப் பிடித்துக்கொண்டார்.

வாக்கி டாக்கி கரகரத்தது. "மச்சான், அடி போல்ட் ஒண்ணு தளருது. நிறுத்தச் சொல்லுங்க."

நாடி வைத்தியர் மேலாளரின் காதருகே குனிந்தார். "சார்."

"முடிக்கப் போறார்யா."

"இறுதியாக," என்றார் தலைவர்.

நாடி வைத்தியருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவர் தோளுக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்பு நிறுத்தப் பொத்தான் இருந்தது. அழுத்தினால், தலைவர் கைவைத்திருக்கும்போதே, கேமராக்களுக்கு முன்னால், விசிறி நிற்கும். இறுதியாக என்று வேறு சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒன்றே ஒன்று," என்றார் தலைவர்.

"நீ வெளிய வந்துடு மாப்ளே," என்று நாடி வைத்தியர் வாக்கி டாக்கியில் கிசுகிசுத்தார்.

"நான் வந்துட்டா சூட்டை யார் சொல்றது? எழுபத்தொம்பது டிகிரி. நீங்க அங்க நிறுத்துங்க மச்சான், நான் இங்க பாத்துக்கறேன்."

தலைவர் மூன்றாவது முறையாக இறுதிக்கு வந்தபோது தரை ஒருமுறை எகிறியது. பேரிங் மூடியும் தண்டில் ஒரு துண்டும் விசிறி இருந்த கொட்டகைச் சுவரைத் துளைத்துக்கொண்டு போயின. சுவருக்கு முன்னால் ஆபரேட்டர் இருந்தான்.

தலைவர் குமிழிலிருந்து கையை எடுத்தார்.

விசாரணைக் குழு ஒரு மாதம் உட்கார்ந்து, விபத்துக்குக் காரணம் ஒத்ததிர்வு என்று கண்டுபிடித்தது. ஒத்ததிர்வு ஆலையின் சம்பளப் பட்டியலில் இல்லாததால் அதன்மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லாமல் போயிற்று. நாடி வைத்தியரின் முன்னெச்சரிக்கை உணர்வை அறிக்கை இரண்டு வரியில் பாராட்டியது.

அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு அவர் தங்கை வீட்டுக்குப் போனார். ஆலையிலிருந்து அனுப்பிய பிளாஸ்டிக் பை, பிரிக்கப்படாமல் நாற்காலியில் இருந்தது. உள்ளே செருப்பும் சாப்பாட்டு டப்பாவும் தெரிந்தன. அவர் நின்றுகொண்டே சுழற்சியைப் பற்றியும் தண்டின் ஆட்டத்தைப் பற்றியும் சொன்னார். கையால் வரைந்தும் காட்டினார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அப்போ நீ எங்க இருந்தே, அண்ணா?"

"கண்ட்ரோல் ரூம்ல."

"அங்கேருந்து நிறுத்த முடியாதா?"

"முடியும்," என்றார்.