அழித்துக் காட்டுங்கள்

ஐந்து வருடக் கோபத்தோடு ஒருத்தி பஸ்ஸை விட்டு இறங்கினால் பார்ப்பவர்களுக்கு என்ன தெரியும்? தோளில் ஒரு பை, இடுப்பில் நாலு வயது மகள், மகளின் வாயில் பாதி தின்ற பிஸ்கட். அவ்வளவுதான் தெரியும். ஆனால் அவள் மனதுக்குள் ஒரு திட்டம் இருந்தது. ஒரு மாதமாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கும் ஓட்டை இல்லை என்று தெரிந்த பிறகுதான் டிக்கெட்டே எடுத்தாள்.

ஊரில் அவள் அப்பாவுக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் குழந்தையானாலும் நாலு வயது முடிந்ததும் கடையில் இருக்கும் உயரமான ஸ்டூலில் உட்கார வைத்து அப்பா தன் கையால் ஒரு படம் எடுப்பார். அது சட்டம் போட்டுச் சுவரில் ஏறும். அண்ணன், அவள், அண்ணனின் இரண்டு பையன்கள் என்று எல்லாரும் அங்கே வரிசையாகத் தொங்கினார்கள். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அவள் ஊரைவிட்டுப் போன வாரமே அவள் படம் மட்டும் இறங்கிவிட்டது. அது போகட்டும். கடை வாசல் கண்ணாடிக்குள் பெரிதாக வைத்திருந்த குடும்பப் படத்திலிருந்தும் அவளை அழித்துவிட்டார்கள். ஒரு தோழி அதைப் போனில் எடுத்து அனுப்பியிருந்தாள். கடையில் கம்ப்யூட்டரைத் தொடுகிறவன் அண்ணன் ஒருவன்தான். அந்த வேலையை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான் என்பது தனி வயிற்றெரிச்சல்.

அன்றைக்கே அண்ணனுக்கு போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள். "என்னைத் துடைச்சுப் போட்ட அந்தக் கை விளங்காமப் போயிடும்" என்றாள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று அவள் முடிவு கட்டினாள். அதோடு பேச்சு வார்த்தை நின்றது.

போன மாதம் அவனே கூப்பிட்டான். "பாப்பாவுக்கு நாலு முடிஞ்சிருக்குமேன்னு அப்பா கேக்கறாரு. படம் எடுக்கணுமாம். கூட்டிட்டு வர்றியா?"

"வர்றேன்" என்றாள். இவ்வளவு சுலபத்தில் அவள் ஒத்துக்கொண்டதில் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பாவம்.

அப்பா கடைக்கு ஒரு விதி வைத்திருந்தார். குழந்தையின் படம் வேண்டாம் என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது. அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துக் காட்ட வேண்டும். கல்லாவுக்கு மேலே அதை எழுதியே மாட்டியிருந்தார். அவள் திட்டம் அந்தப் பலகையை நம்பித்தான் இருந்தது. அப்பா ஆசை தீரப் பேத்தியைப் படம் எடுக்கட்டும். எடுத்து முடித்ததும் அண்ணனைப் பார்த்து, "எனக்கு வேணாம், அழி" என்று சொல்ல வேண்டும். அப்பா பார்த்துக்கொண்டு நிற்க, அவன் அழிக்க வேண்டும். அழிப்பதுதான் அவனுக்குக் கைவந்த கலையாயிற்றே!

மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். வாலு கடை வாசலிலேயே கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அம்மா, இந்தத் தாத்தா தோள்ல யாரு கை?"

அவள் குனிந்து பார்த்தாள். போனில் சின்னதாகப் பார்த்தபோது தெரியாதது இப்போது தெரிந்தது. படத்தின் நடுவில் நாற்காலியில் அப்பா. அவருக்குப் பின்னால் அவள் நின்ற இடத்தில் வெறும் திரை. ஆனால் அவர் தோளில் நாலு விரல்கள் அப்படியே இருந்தன, ஒன்றில் அவளுடைய பழைய கல் மோதிரத்தோடு. ஆளை எடுத்தவன் விரலை விட்டுவிட்டான். அவளுக்குத் தலைக்கேறியது. அழிப்பதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை இவனுக்கு.

"அது ஏதோ பேய்க் கை. வா உள்ள."

அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், விறைப்பு மட்டும் மெலியவில்லை. அவள் பக்கம் திரும்பாமல், "வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கச் சொல்லுடா" என்றார் அண்ணனிடம். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அண்ணி தண்ணீரோடு வந்தாள். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள், புருஷன் முகத்தையும் மாமனார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி நழுவினாள். விவரமானவள்.

"பாப்பா, ஸ்டூல்ல ஏறுவியா?" என்றார் அப்பா.

வாலுவுக்குக் கேட்க வேண்டுமா? பஸ்ஸில் வரும்போதே, "நான் ஆடாம உட்காருவேன், கண்ணை மூட மாட்டேன்" என்று பாடம் ஒப்பித்துக்கொண்டு வந்தவள். அண்ணன் தூக்கி உட்கார வைத்தான், விளக்குகளைப் போட்டான். அப்பா கேமராவைத் தொட்டு இரண்டு வருடம் ஆகிறதாம். அண்ணன் நீட்டியதை வாங்கிப் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"இங்க பாரு. இந்தக் கடையில சிரிக்கக் கூடாது. சிரிச்சா மாமா பிடிச்சு மூட்டையில கட்டிடுவாரு."

வாலு உதட்டை இறுக்கிப் பிடித்தாள். கன்னம் உப்பியது. அடக்க முடியாமல் அவள் வெடித்துச் சிரித்த அந்தக் கணத்தில் அப்பா அமுக்கினார். ஒரே ஒரு படம். இரண்டாவது எடுக்க மாட்டார், அது அவருடைய கர்வம். சின்னத் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"வந்திருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. சுவரில் காலியாக இருந்த ஆணியை நிமிர்ந்து பார்த்தார். அது அவளுடைய ஆணி.

இதுதான் சமயம் என்று அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு இந்தப் படம் வேணாம். அழி. இந்தத் தடவையாவது விரலைக்கூட விடாம சுத்தமா அழி."

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. பதில் அப்பாவிடமிருந்து வந்தது.

"விரலையும் எடுடான்னுதான் நான் சொன்னேன். மூணு தடவை சொன்னேன். இவனுக்குத்தான் மனசு வரல."

"விடுங்கப்பா" என்றான் அண்ணன்.

"நீங்களா அழிக்கச் சொன்னீங்க?"

"பின்னே? என் கடை. என் படம்."

ஐந்து வருடமாகத் திட்டித் தீர்த்தது வேறு ஆளை. கை விளங்காமப் போயிடும் என்று சொன்னபோது அவன் வாயைத் திறந்து, "அப்பா சொன்னார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் கோபம் மட்டும் இறங்கவில்லை. இடம் மாறி உட்கார்ந்தது.

"அப்போ நீங்களே அழிங்க" என்றாள்.

"விளையாடாதே." ஐந்து வருடத்தில் அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை.

அவள் கல்லாவுக்கு மேலே கையைக் காட்டினாள். "நீங்க எழுதினதுதான். பெத்தவ சொல்றேன். ஏன்னு கேக்கக் கூடாது. அழிச்சுக் காட்டுங்க."

அப்பா பலகையைப் பார்த்தார். நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட அந்த விதியை அவர் மீறியதில்லை. மீற மாட்டார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"எதுடா பொத்தான்?"

"அப்பா, வேணாம்பா."

"எதுன்னு கேட்டேன்."

அண்ணன் காட்டினான். நிச்சயம் அழிக்கவா என்று கேமரா இன்னொரு தடவை கேட்டது. அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அமுக்கினார். அவருடைய தோள் இறங்கியதை அவள் பார்த்தாள். பொய் சொல்வானேன், அவளுக்கு இனித்தது. நன்றாகவே இனித்தது.

வாலு ஸ்டூலிலிருந்து சறுக்கி இறங்கி ஓடி வந்தாள். "காட்டுங்க தாத்தா! நான் எப்படி இருக்கேன்?"

கேமராவைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். திரை கறுப்பாக இருந்தது. இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"நான் எங்க?"

அண்ணன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தான்.

"தாத்தா அழிச்சுட்டாரு" என்றாள் அவள்.

வாலுவின் உதடு பிதுங்கியது. "ஏன் தாத்தா? நான் ஆடவே இல்லையே?"

அப்பா வாயைத் திறந்தார். தன் மகளைப் பார்த்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

"சிரிச்சதுக்கா? இனிமே சிரிக்க மாட்டேன். இன்னொண்ணு எடுங்க."

அவர் கேமராவை மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ வேணாம் போ" என்று வாலு அவர் முழங்காலில் ஓர் அடி வைத்தாள். பிறகு அழுதாள்.

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். இதற்கு மேல் அந்தக் கிழவருக்கு என்ன தண்டனை கொடுக்க முடியும்? போட்டு வைத்த திட்டத்தைவிடப் பெரிதாகவே நடந்திருந்தது. அண்ணன் பின்னாலேயே படி வரைக்கும் வந்தான்.

"அன்னைக்கு அவர் சொன்னாரு, நான் அழிச்சேன். திட்டு எனக்கு விழுந்துச்சு" என்றான். குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்கு நீ சொன்னே, அவர் அழிச்சாரு. அடி அவருக்கு விழுந்துச்சு. அப்படியே அப்பாதான் நீ."

அவன் திரும்பி உள்ளே போய்விட்டான்.

அவளுக்குச் சுருக்கென்றது. தெருவில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாலு அவள் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையைத் தூக்கினாள்.

"அம்மா, நான் ஆடினேனா?"

"இல்லடி. நீ ஆடவே இல்ல."

"அப்புறம் ஏன்?"

பஸ் ஸ்டாண்டு வரும்வரை வாலு அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தாள்.