வாசலில் வைத்த குடம்

சிறுமி நேசத்துக்குக் காய்ச்சல் தொடங்கிய அன்று வாவியில் இறால் நன்றாகப் பட்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் தகப்பன் இளையதம்பி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மறுநாள் பிள்ளை எலும்பெல்லாம் நோகுதென்று அழுதாள். பிறகு நெஞ்சிலும் கைகளிலும் சிவப்பாகப் பூத்தது. எங்கள் தெருவுக்கு அது போதும். அம்மை நோயாக அம்மாள் வந்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள்.

மலேரியா ஊரை அள்ளிக்கொண்டு போனதற்கு அடுத்த வருஷம் அது. காய்ச்சலுக்கு விழுங்கும் கொயினாக் குளிசை எல்லார் வீட்டிலும் இருந்தது. ஆனால் அம்மாள் வந்த வீட்டில் மருந்து கூடாது. வாயில் வேப்பிலை செருகிய ஒரு குடம் தண்ணீரை வாசலில் வைக்க வேண்டும். வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை அதை ஊற்றக்கூடாது. அயல் பெண்கள் அதில் ஒரு சிரட்டை அள்ளிப் போய்த் தங்கள் வாசல் குடத்தில் கலந்து வைப்பார்கள், தங்கள் பிள்ளைகளுக்குக் காவலாக. நல்ல மனதோடு செய்கிற காரியம். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு காலையில் நேசத்தின் உடம்புச் சூடு இறங்கியது. தாய் சின்னத்தங்கம் கும்பிட்டாள். கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் வந்து பார்த்து, "அம்மாள் மனம் இரங்கிற்றா, இனிப் பயமில்ல" என்றார். கஞ்சி காய்ச்சினார்கள். பிள்ளை குடிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மூக்கால் இரத்தம் வந்தது, கைகால் சில்லிட்டது. பொழுது சாயுமுன் போய்விட்டாள். காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளை சாகும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

மட்டக்களப்பிலிருந்து சுகாதார உத்தியோகத்தர் சைக்கிளில் வந்தார். இது அம்மாள் இல்லை, டெங்கு என்றார், நுளம்பு கடித்து வருவது என்றார். வாசல் குடத்தைக் காட்டி ஊற்றச் சொன்னார்.

"மூத்தவள எடுத்திற்றா ஐயா. இதையும் ஊத்தினா சின்னவனையும் எடுப்பா" என்றாள் சின்னத்தங்கம்.

"அம்மாள நான் குறை சொல்லல்ல. குடத்துக்குள்ள ஒருக்காப் பாருங்க."

அவள் பார்க்கவில்லை. அவர் போய்விட்டார்.

சில நாளில் சின்னவன் கதிராமனுக்கும் உடம்பு கொதித்தது. அவன் நெற்றியில் தடவ அந்தத் தண்ணீரை அள்ளப் போனாள் சின்னத்தங்கம். அழுகிய வேப்பிலையை விலக்கியதும் காலில் வெள்ளை வரி போட்ட நுளம்புகள் எழும்பின. உள்ளே தண்ணீர் முழுக்கப் புழு நெளிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குடத்தைத் தூக்கிச் சுடுமணலில் கவிழ்த்தாள்.

"என்னகா செஞ்ச நீ?" என்று பதறினான் இளையதம்பி.

"ஊத்திற்றன். அம்மாள் கேட்டா நான் மறுமொழி சொல்றன்."

அப்போதுதான் அவளுக்கு மற்றக் குடங்கள் நினைவுக்கு வந்தன. பக்கத்து வீட்டு வள்ளிப்பிள்ளையிடம் ஓடினாள்.

"அந்தத் தண்ணிய ஊத்துகா. உள்ளுக்கெல்லாம் புழு."

"உனக்கென்ன பைத்தியமா? குளிர்த்திக்கு முன்னம் ஆரும் ஊத்துவாங்களா?" என்றாள் வள்ளிப்பிள்ளை. அவள் இடுப்பிலிருந்த மகள் கண் சிவந்து, தலையைத் தாயின் தோளில் போட்டிருந்தாள்.

கதிராமனுக்குச் சூடு இறங்கியபோது சின்னத்தங்கம் கும்பிடவில்லை. மடியில் கிடத்தி, கைகால் சில்லிடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சித் தண்ணீர் பருக்கினாள். அவன் தப்பிவிட்டான்.

வள்ளிப்பிள்ளையின் மகள் தப்பவில்லை. செத்தவீட்டுக்குப் போன சின்னத்தங்கத்தை வள்ளிப்பிள்ளை படியேற விடவில்லை.

"நீ குடத்த ஊத்தினாய். கோவத்தில அம்மாள் என்ட புள்ளையத் தூக்கிற்றா. போ."

சின்னத்தங்கம் திரும்பினாள். வள்ளிப்பிள்ளையின் வாசலில் அந்தக் குடம் அப்படியே இருந்தது. புதிதாக வேப்பிலை செருகியிருந்தார்கள். ஒருத்தி சிரட்டையோடு குனிந்து அதில் அள்ளிக்கொண்டிருந்தாள்.