உறையில்லாத டிஸ்க்

வேலாயுதத்தின் முதல் அடி வாசுவின் வாயில் விழுந்தது. இரண்டாவது அடியில் வாசுவின் பின்னந்தலை படிக்கட்டுச் சுவரில் மோதி, சுண்ணாம்பு உதிர்ந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்த கம்ப்யூட்டர் கல்லூரி அது. எண்பத்தேழாம் வருஷம். படிக்கட்டின் மேல் திருப்பத்தில் பாலன் நின்றுகொண்டிருந்தான். வாசுவின் வகுப்புத் தோழன். அந்த அடியை நிறுத்தக்கூடிய பொருள் அவனுடைய தோள்பையில் இருந்தது.

"என் தங்கச்சி டிஸ்க்க ஏன்டா நாசம் பண்ண?"

"பூசைக்குத்தாண்ணே பொட்டு வச்சேன். எல்லாத்துக்கும்தான் வச்சேன்."

"எல்லாரு டிஸ்க்கும் ஓடுது லா. இவளோடது மட்டும் எப்படிடா செத்துப்போச்சு?"

மூன்றாவது அடி வயிற்றில். வாசு மடங்கி உட்கார்ந்தான். அவன் வாயிலிருந்து ஒரு பல் படியில் விழுந்து உருண்டது.

முந்தின நாள் சரஸ்வதி பூசை. மாணவர்கள் புத்தகங்களோடு தங்கள் டிஸ்க்குகளையும் படத்தின் முன்னால் அடுக்கியிருந்தார்கள். மறுநாள் காலைவரை யாரும் எதையும் தொடக்கூடாது, படிக்கவும் கூடாது. அந்தக் காலத்து டிஸ்க்கை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், கண்ணுகளா. கறுப்பாக, சதுரமாக, அட்டைபோல வளையும். ஒரு பக்கம் திறந்த பிளவு ஒன்று இருக்கும். அதன் வழியாகத்தான் இயந்திரம் உள்ளே உள்ளதைப் படிக்கும். தூசு படாமலிருக்கக் காகித உறையில் போட்டு வைப்பார்கள். வாசு அந்த உறைகளின் மேல் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே போனான். வேலாயுதத்தின் தங்கை புஷ்பவல்லியின் டிஸ்க்குக்கு மட்டும் உறை இல்லை. படிப்பில் மட்டமான அவன் அதைக் கவனிக்கவில்லை. ஈரச் சந்தனம் பிளவுக்குள் இறங்கிவிட்டது.

உறையைக் கழற்றியது பாலன்.

பாலன் சோம்பேறி இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கிள்ளானிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவன். எந்தப் புரோகிராமையும் முதலில் தாளில் எழுதி, வரி வரியாக விரல் வைத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் இயந்திரத்தின் முன் உட்காருவான். போன மாதம் வாசு வந்து காட்டச் சொல்லிக் கேட்டபோது, "பாத்து எழுதுனா மூள துருப்பிடிச்சிரும், நீயா எழுது" என்று அனுப்பியவன். ஆனால் கடைசிப் பரீட்சைக்கான நூலகப் புரோகிராமில் ஒரு தவறு மூன்று வாரமாக அவனுக்குப் பிடிபடவில்லை. பூசைக்கு முன்னால் எல்லோரும் பூ வாங்கப் போயிருந்த அரை மணி நேரத்தில், புஷ்பவல்லியின் டிஸ்க்கை எடுத்துத் தன் டிஸ்க்கில் பிரதி செய்தான். சும்மா பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டான். பிறகு தன் பெயரைப் போட்டான். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவசரத்தில் வெறும் டிஸ்க்கைத் திரும்ப வைத்துவிட்டான்.

மறுநாள் காலை அவளுடைய டிஸ்க் ஓடவில்லை. அவளிடம் வேறு பிரதி இல்லை. பரீட்சைப் புரோகிராமை மாலை ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். சந்தனப் பூச்சைப் பார்த்ததும், போன வாரம் எல்லோர் முன்னாலும் தன்னைக் கிண்டல் செய்த வாசுதான் வேண்டுமென்றே செய்தான் என்று முடிவு கட்டினாள். கீழே கடையிலிருந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். வேலாயுதம் கிள்ளானிலிருந்து லோரியிலேயே வந்துவிட்டான்.

"எந்திரிடா."

வாசு எழ முயன்றான். வேலாயுதத்தின் முழங்கால் அவன் நெஞ்சில் இறங்கியது. காது பிய்ந்து சட்டைக் காலர் முழுக்க ரத்தம். பாலன் தோள்பையின் வாரை இறுக்கிப் பிடித்தான். இறங்கிப் போய் டிஸ்க்கைக் கொடுத்தால் அவன் திருடன். கிள்ளானில் அப்பா தெரு முழுக்க, என் மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறார். இன்னும் ஒரு அடிதான், அதோடு வேலாயுதம் களைத்துவிடுவான் என்று நினைத்தான். அடுத்த அடிக்கும் அதையே நினைத்தான்.

வேலாயுதம் பெல்ட்டை உருவினான். இரும்புக் கொக்கி வாசுவின் இடது கண்ணில் பட்டது. அதன் பிறகு வாசுவிடமிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தம் போலவே இல்லை.

"என்கிட்ட இருக்குண்ணே" என்று பாலன் டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்தபடி இறங்கி வந்தான். "நாந்தான் எடுத்தேன். உறைய கழட்டுனதும் நாந்தான்."

வேலாயுதம் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் அறைந்தான். மூக்கு உடைந்தது. மறுபடியும் கையை ஓங்கியபோது, அதுவரை கீழ்ப்படியில் நின்றிருந்த புஷ்பவல்லி வந்து டிஸ்க்கைப் பாலனின் கையிலிருந்து பிடுங்கினாள்.

"விடுண்ணே. மணி மூணாச்சு. இவன் பேர அழிச்சு என் பேர போடணும்."

படியேறிப் போனாள். வாசுவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆசிரியரிடம் பாலன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அந்த வருஷம் அவனுக்குப் பரீட்சை இல்லை என்றார்கள். வாசுவுக்கு இடது கண் போயிற்று. போலீஸ்காரர் கேட்டபோது, படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னான்.

பாலன் ஆஸ்பத்திரிக்குப் போனது நான்காம் நாள். கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டு, "சத்தம் கேட்டு ஓடியாந்தேன்டா. நான் வர்றதுக்குள்ள..." என்று ஆரம்பித்தான்.

"சும்மா இரு லா" என்றான் வாசு. வீங்கிய வாயால் மெல்லத்தான் பேச முடிந்தது. "மொத அடியில தல சாஞ்சப்பவே மேல உன் கால் சப்பாத்து தெரிஞ்சுச்சு. பாலன் இருக்கான், எறங்கி வந்து புடிப்பான்னுதான் கைய தூக்காம இருந்தேன்."

பாலன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இல்லன்னா நானும் ரெண்டு போட்டிருப்பேன்" என்று சொல்லி, வாசு கட்டுப்போட்ட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.